முதல் குறும்படம்: எடிட்டிங்கை மனதில் வைத்துப் படமெடுப்பது எப்படி?

முதன்முறையாகக் குறும்படம் எடுக்க முனைவோரில் பலர், எந்தக் கேமரா வாங்குவது என்று யோசிப்பதிலேயே மாதக்கணக்கில் நேரத்தைக் கழித்துவிடுகிறார்கள். நொடிக்கு 24 அல்லது 25 ஃபிரேம் (தனித்தனிப் படம்) வேகத்தில் பதிவு செய்யும் கைபேசி ஒன்று இருந்தால் தொடங்குவதற்கு அதுவே போதும். முதல் படங்கள் கெட்டுப்போவதற்குக் கேமரா காரணமாவது அரிது; எடிட்டிங்குக்கு உட்காரும்போது வெட்டி ஒட்டத் தேவையான ஷாட்டுகளும், காது கொடுத்துக் கேட்கத்தக்க ஒலியும் இல்லாமல் போவதுதான் பெரும்பாலும் காரணம். ஆகவே கதையைத் தேர்ந்தெடுப்பது தொடங்கி ஒவ்வொரு முடிவையும் எடிட்டிங்கை மனதில் வைத்தே எடுக்க வேண்டும்.

கதை சிறியதாக இருக்கட்டும். இரண்டு பாத்திரங்கள், ஒரே இடம், ஐந்து நிமிடம் என்ற அளவு முதல் முயற்சிக்குச் சரியாக இருக்கும். ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்று சொல்லப்படும் கணக்கு, 12 பாயின்ட் கூரியர் எழுத்தில் தட்டச்சு செய்யப்படும் ஆங்கிலத் திரைக்கதையை ஒட்டி ஏற்பட்டது. தமிழில் நோட்டுப் புத்தகத்தில் எழுதிய பக்கத்துக்கு அதை நம்பக் கூடாது. வசனங்களை வாய்விட்டுப் படித்து, இடையில் வரும் செயல்களையும் நடித்துப் பார்த்து, ஸ்டாப்வாட்சில் நேரம் குறித்துக்கொள்வதே பாதுகாப்பான வழி.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். வேலையை விட்டுவிட்ட செய்தியைச் சொல்வதற்காக மகன் தந்தையின் அறைக்குள் வருகிறான். தந்தை மேசையில் குனிந்து ஒரு பழைய ரேடியோவைப் பழுதுபார்த்துக்கொண்டிருக்கிறார். மகன் சொல்லத் தொடங்கி, சொல்லாமலேயே திரும்பிப் போகிறான். இதை ஒரே ஷாட்டில் எடுத்துவிடலாம் என்ற ஆசை வரும். ஆனால் அந்த ஒரு ஷாட்டின் நடுவில் நடிகர் தடுமாறினால் வெட்டுவதற்கு இடமே இருக்காது. முதலில் இருவரும் தெரியும் மாஸ்டர் ஷாட்டில் காட்சி முழுவதையும் எடுத்துக்கொண்டு, பிறகு மகனுக்கு ஒன்று, தந்தைக்கு ஒன்று என மிட் ஷாட்டிலோ (இடுப்புக்கு மேல்) குளோசப்பிலோ (முகம் மட்டும்) அதே காட்சியை முழுவதுமாக மறுபடி எடுக்க வேண்டும். அதோடு, திருகாணியைக் கழற்றும் தந்தையின் கை, அந்தக் கை ஒரு கணம் நின்று மீண்டும் இயங்குவது, கதவுப்பிடியின் மேல் மகனின் கை ஆகியவற்றைத் தனித்தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது டேக்கின் (ஒரே ஷாட்டை எடுக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு டேக்) முதல் பாதியும் நான்காவது டேக்கின் பின்பாதியும் நன்றாக அமைந்திருந்தால், அவற்றை இணைக்க உதவுவது அந்தக் கையின் ஷாட்தான். தந்தை தயங்குகிறார் என்பதையும் அது வசனமில்லாமலே சொல்லிவிடும்.

இருவர் பேசும் காட்சியில் அவர்களுக்கிடையே ஒரு கோடு இருப்பதாகக் கற்பனை செய்துகொண்டு, கேமராவை அந்தக் கோட்டின் ஒரே பக்கத்தில் வைத்திருக்க வேண்டும். கோட்டைத் தாண்டினால், ஒருவரையொருவர் பார்த்துப் பேசுபவர்கள் திரையில் இருவருமே ஒரே திசையைப் பார்ப்பதுபோலத் தோன்றுவார்கள். 180 டிகிரி விதி என்பது இதுதான்.

கைபேசியில் எடுக்கும்போது ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் (வெளிச்ச அளவு) வைட் பேலன்ஸையும் (நிறச் சமநிலை) பூட்டிவிடுவது அவசியம். இல்லையெனில் நடிகர் சற்று நகர்ந்தாலே வெளிச்சமும் நிறமும் ஷாட்டின் நடுவில் மாறிவிடும். ஷட்டர் வேகம், அதாவது ஒரு ஃபிரேம் நொடியின் எத்தனையில் ஒரு பங்கு நேரம் பதிவாகிறது என்பது, ஃபிரேம் வேகத்தின் இரு மடங்கையொட்டி இருந்தால் அசைவு இயல்பாகத் தெரியும். மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் வரும் இடங்களில் 25 ஃபிரேமும் 1/50 ஷட்டரும் வைத்தால் குழல்விளக்கின் கீழ் ஏற்படும் மினுக்கலையும் தவிர்க்கலாம். டிஜிட்டல் ஜூமைத் தொடவே வேண்டாம். அருகில் சென்று எடுங்கள்.

ஒலியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் மங்கலான படத்தைப் பொறுத்துக்கொள்ளும் பார்வையாளர் புரியாத வசனத்தைப் பொறுத்துக்கொள்வதில்லை. மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரமே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கேமராவிலுள்ள மைக் இரண்டு மீட்டருக்கு அப்பால் இருந்தால், எவ்வளவு நல்ல மைக்காக இருந்தாலும் அறையின் எதிரொலியையே அதிகம் பிடிக்கும். காலர் மைக் கிடைக்காவிட்டால், இன்னொரு கைபேசியில் ஒலிப்பதிவுச் செயலியை ஓடவிட்டு, சட்டைப் பையிலோ மேசையிலுள்ள புத்தகத்தின் பின்னாலோ மறைத்து வைக்கலாம். ஒவ்வொரு டேக்கின் தொடக்கத்திலும் ஃபிரேமுக்குள் ஒருமுறை கைதட்டினால், தனியே பதிவான ஒலியைப் படத்தோடு பொருத்துவது எளிது. மின்விசிறியையும் குளிர்சாதனப் பெட்டியையும் நிறுத்திவிட்டு எடுங்கள் (பெட்டியை மறுபடி போட மறக்காமலிருக்க, வீட்டுச் சாவியை அதற்குள் வைப்பது படப்பிடிப்புக் குழுவினரிடையே உள்ள பழைய தந்திரம்). ஒவ்வோர் இடத்திலும் வேலை முடிந்ததும் எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொல்லி, வெற்று அறையின் ஒலியை 30 நொடிகள் பதிவு செய்துகொள்ளுங்கள். வசனத்தை வெட்டுமிடங்களில் திடீரென விழும் மௌனத்தை மறைக்க இந்த ரூம் டோன் இல்லாமல் முடியாது. டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது முதல் படத்துக்கு ஏற்றதல்ல. உதட்டசைவோடு குரலைப் பொருத்துவது அனுபவமுள்ள நடிகர்களுக்கே கடினமான வேலை.

படப்பிடிப்பு நாளில் ஷாட்டுகளைக் கதையின் வரிசையில் எடுக்க வேண்டியதில்லை. ஒரே கோணத்திலும் ஒரே வெளிச்சத்திலும் வருபவற்றைச் சேர்த்து எடுத்தால் நேரம் மிச்சமாகும். கைபேசியை ஃப்ளைட் மோடில் வைத்துவிடுங்கள். "ஆக்‌ஷன்" சொல்வதற்கு முன்னும் "கட்" சொல்வதற்கு முன்னும் ஐந்து நொடி காத்திருந்தால், எடிட்டிங்கில் வெட்டுவதற்குத் தேவையான நுனிகள் கிடைக்கும். எந்த டேக் தேறியது என்பதைக் குறித்துவைக்கவும், ரேடியோவின் மூடி எந்தப் பக்கம் கிடந்தது, சட்டைக் கை மடித்திருந்ததா என்பவற்றைக் கவனிக்கவும் ஒருவரை நியமிப்பது நல்லது. பதிவானவற்றை அன்றிரவே இரண்டு தனித்தனி ஹார்ட் டிஸ்க்குகளில் நகலெடுத்துவிட வேண்டும்.

எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வ், கேடென்லைவ், ஷாட்கட் ஆகிய மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. கைபேசிக் காணொளிகளில் பலவும் மாறும் ஃபிரேம் வேகத்தில் பதிவாவதால், நீண்ட ஷாட்டுகளில் உதடும் குரலும் மெல்ல விலகிப்போகலாம். ஹேண்ட்பிரேக் போன்ற மென்பொருளில் நிலையான ஃபிரேம் வேகத்துக்கு மாற்றிய பின் எடிட்டிங்கைத் தொடங்குங்கள். முதலில் இசையும் நிறத்திருத்தமும் இல்லாமல் கதையை மட்டும் கோத்துப் பாருங்கள். இசை சேர்த்துவிட்டால் தொய்வான காட்சியும் ஓடுவதுபோலத் தோன்றி ஏமாற்றிவிடும். பேசுபவரின் முகத்திலேயே எப்போதும் நிற்காமல், மகனின் குரல் தொடரும்போதே தந்தையின் முகத்துக்கு வெட்டிப் பாருங்கள். பெரும்பாலான உரையாடல்களில் கேட்பவரின் முகமே சுவாரசியமானது. பிடித்த திரைப்பாடலைப் பின்னணியில் போட்டால் இணையத்தில் படம் முடக்கப்படலாம், விழாக்களிலும் நிராகரிக்கப்படலாம்; ஆகவே உரிமம் தெளிவாக உள்ள இசையையோ நண்பர் வாசித்துத் தரும் இசையையோ பயன்படுத்துங்கள்.

இறுதி வடிவத்தைப் படப்பிடிப்பில் பங்குபெறாத ஒருவருக்குப் போட்டுக்காட்டி, கதையை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். எந்த இடத்தில் அவருக்குக் குழப்பம் வந்தது என்பதை விளக்கம் கொடுக்காமல் குறித்துக்கொண்டு, திருத்திய பின் ஹெட்ஃபோனிலும் கைபேசியின் ஒலிபெருக்கியிலும் ஒருமுறை கேட்டுச் சரிபார்த்து வெளியிடலாம்.