மெட்டாலிகாவை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

திராஷ் மெட்டல் என்கிற வேகமும் முரட்டுத்தனமும் கொண்ட ராக் இசைப் பக்கம் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் மெட்டாலிகா என்ற அமெரிக்கக் குழுவின் 1991 ஆல்பத்தை, அந்தக் கறுப்பு அட்டையை, முதலில் எடுப்பார்கள். வேண்டாம். அதற்கு முன்பே இவர்கள் பெரிய ஆட்கள் ஆகிவிட்டார்கள், எப்படி ஆனார்கள் என்பது அதற்கு முந்தைய நான்கு ஆல்பங்களில் இருக்கிறது. ஹெட்போன் கட்டாயம்.

முதலில் கைக்கு வேலை. யாரிடமாவது கிட்டார் கடன் வாங்குங்கள். வலது உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கத்து ஓரத்தை பிரிட்ஜ் (கம்பிகள் கிட்டாரின் உடலில் தாங்கி நிற்கும் கட்டை) மேல் லேசாகச் சாய்த்து, ஆகத் தடித்த கம்பியை மேலிருந்து கீழாக மட்டும் அடியுங்கள். டங்ங் என்று நீளாமல் ஜக் ஜக் என்று அமுங்கி வந்தால் சரி. கை திரும்ப மேலே போகும்போது கம்பியில் படக்கூடாது, சிரமமே அங்கேதான். ஒரு நிமிஷத்தில் முன்கை கடுக்கும். குழுவின் பாடகரும் கிட்டாரிஸ்டுமான ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் இதைப் பாடிக்கொண்டே வாசிப்பார்.

அப்புறம் 1983, 'கில் எம் ஆல்'. டென்மார்க்கிலிருந்து வந்த டிரம்ஸ் பையன் லார்ஸ் உல்ரிக் 1981இல் லாஸ் ஏஞ்சலிஸ் பத்திரிகை ஒன்றில் கொடுத்த விளம்பரத்தைப் பார்த்து வந்தவர்தான் ஹெட்ஃபீல்ட். அடுத்த வருஷம் ஒரு டெமோ கேசட் (மாதிரிப் பதிவு) போட்டார்கள். ரசிகர்கள் அதை நகலெடுத்துத் தபாலில் அனுப்ப, வாங்கியவர் இன்னொரு நகல் எடுக்க, இரைச்சல் கூடிக்கொண்டே போன அந்த கேசட் நியூஜெர்சியில் ரெக்கார்டு கடை வைத்திருந்த ஜான் ஜசூலா காதுவரை போய், அவர்தான் இவர்களைக் கிழக்குக் கரைக்கு வரவழைத்தார். போன இடத்தில் கிட்டாரிஸ்ட் டேவ் மஸ்டேனை வெளியேற்றி பஸ் ஏற்றிவிட்டார்கள் (அவர் ஊருக்குப் போய் மெகாடெத்தைத் தொடங்கினார்). இந்த ஆல்பத்தில் ஒரு தனி வாசிப்பு வரும், கிட்டார் என்றுதான் நினைப்பீர்கள். அது கிளிஃப் பர்ட்டனின் பேஸ், அதாவது அடித்தளச் சுருதிக்கான தடித்த கம்பி கிட்டார். லாஸ் ஏஞ்சலிசுக்கு வரமாட்டேன் என்றவர் அவர், குழுதான் இடம் மாறி சான் பிரான்சிஸ்கோ பக்கம் போனது. அந்த வாசிப்பைக் கேட்டால் ஏன் என்று புரியும்.

1984 ஆல்பத்தில் முதல் பாட்டின் முதல் நிமிஷம் போதும்: கோயில் மண்டபத்தில் வாசிக்கிற மாதிரி சாந்தமான கிட்டார், உடனே இடி.

1986, 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்'. அதே பெயருள்ள எட்டரை நிமிஷப் பாட்டோடு உங்கள் கையை ஓட்டிப் பாருங்கள், தாளம் நிமிஷத்துக்கு 200க்கு மேல் ஓடும். நான் முதல் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு) முடிவதற்குள் விட்டுவிட்டேன். நடுவில் எல்லாம் அடங்கும் இடத்தை மட்டும் தாண்டாதீர்கள். அந்த செப்டம்பரில் ஸ்வீடனில் சுற்றுப்பயண பஸ் கவிழ்ந்து பர்ட்டன் இறந்தார். வயது 24.

கடைசியாக 1988 ஆல்பம். பேஸ் வாசிப்பவர் புதியவர், ஜேசன் நியூஸ்டெட். ஆனால் பேஸைத் தேடாதீர்கள், ஈக்வலைசரை எவ்வளவு ஏற்றினாலும் வராது. ஹெட்போனில் கோளாறு இல்லை, மிக்ஸிங்கிலேயே அமுக்கிவிட்டார்கள்.