ஒக்கிப் புயலை ஆய்வு செய்யப் போகும் மதுரை மாணவர்களுக்கு: எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது

காற்றிலிருந்து தொடங்காதீர்கள். 2017 நவம்பர் 29-இல் தாழ்வு மண்டலம் உருவானது, மறுநாளே ஒக்கிப் புயலானது. ஒரு பெரிய தாளின் வலது ஓரத்தில் இந்த இரண்டு தேதிகளையும் எழுதிக்கொள்ளுங்கள். இடப்பக்கம், ஒவ்வொரு விசைப்படகும் கரையை விட்ட நாள். கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை மீனவர்கள் கடலிலேயே பல நாள் தங்கித் தொழில் செய்பவர்கள். புயல் பிறக்கும் முன்பே கிளம்பிய படகுகள் எத்தனை என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும். "எச்சரித்தும் ஏன் போனார்கள்?" என்று புயலில் சிக்கித் திரும்பாதவர்களின் வீட்டு வாசலில் போய்க் கேட்பது கொடுமை.

மதுரையில் ரயிலேறி குழித்துறையில் இறங்கினால், அங்கிருந்து பேருந்தில் போகலாம். முதலில் பங்குத்தந்தையையும் ஊர்ப் பெரியவர்களையும் பாருங்கள். கணவரை இழந்தவர்களிடம் மாணவிகள் பேசட்டும். "அக்கா, தொழிலுக்குப் போனது எந்தக் கிழமை, எந்தத் துறைமுகத்திலிருந்து?" என்று கேட்டால் போதும். தேதி நினைவில்லாவிட்டாலும் கோவில் திருவிழாவை, பிள்ளையின் பரீட்சையை வைத்துச் சொல்லிவிடுவார்கள். அதைக் காலண்டரில் பொருத்திப் பாருங்கள்.

அடுத்தது கணக்கு. பாதி உண்மை இங்கேதான் இருக்கிறது. டீசல், ஐஸ், அரிசி, தண்ணீர் எல்லாம் கிளம்பும்போதே வாங்கியாக வேண்டும், பெரும்பாலும் முன்பணத்தில். மீன் விற்ற காசில் இந்தச் செலவு கழிந்த பிறகே படகுக்காரருக்கும் தொழிலாளிகளுக்கும் பங்கு. உதாரணத்துக்கு, செலவு 3 லட்சம், விற்பனை 5 லட்சம் என்றால் 2 லட்சம்தான் பங்குக்கு வரும். நான்காம் நாளே திரும்பி 1 லட்சத்துக்கு விற்றால் 2 லட்சம் கடன். வானம் கறுத்ததும் திரும்பாததைப் பேராசை என்று எழுதிவிடாதீர்கள். படகுக்காரரிடம் ஒரு பழைய சிட்டையை (வரவு செலவுக் கணக்குச் சீட்டை) கேட்டு, வரி வரியாக நகலெடுங்கள். முன்பணம் யார் கொடுத்தது, மீனை அவருக்கே விற்றாக வேண்டுமா என்பதையும் விடாமல் கேளுங்கள்.

வயர்லெஸ் எட்டும் தூரத்தையும் படகு நின்ற தூரத்தையும் கடல் மைலில் பக்கம் பக்கமாக எழுதுங்கள். ஒரு கடல் மைல் 1.85 கி.மீ. படகிலிருக்கும் வி.எச்.எஃப். என்ற வயர்லெஸ் கருவி சில பத்து மைல்தான் எட்டும். அதற்கப்பால் நின்றவருக்குக் கரையின் எச்சரிக்கை எப்படிப் போய்ச் சேரும்?

இறந்தவர்கள், காணாமல் போனவர்களின் எண்ணிக்கையில்தான் பலரும் தவறுகிறார்கள். தூத்தூர்ப் படகுகள் பல கேரளத்தில் கொச்சியின் தோப்பும்படி துறைமுகத்திலிருந்து கிளம்புபவை. ஒரே படகில் இரண்டு மாநிலத்தவர் இருப்பார்கள். ஒருவர் பெயர் இரண்டு பட்டியலில் வரலாம், எதிலும் வராமலும் போகலாம். எண்ணை வைத்து ஒப்பிடாமல், படகின் பெயர், ஆளின் பெயர், ஊர் மூன்றையும் வைத்து ஒப்பிடுங்கள்.

கடைசி வேலை உள்ளூரிலேயே இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டம் நம் உயர்நீதிமன்ற மதுரைக் கிளைக்கு உட்பட்டது. ஒக்கி தொடர்பான உத்தரவுகளை அங்கே தேடுங்கள். உடல் கிடைக்காதவரை இறந்தவராகக் கருதச் சாட்சியச் சட்டப்படி பொதுவாக 7 ஆண்டுகள் கடக்க வேண்டும். புயலுக்குப் பிறகு எந்த வீட்டுக்கு எப்போது இறப்புச் சான்று கிடைத்தது, அதுவரை அடுப்பு எப்படி எரிந்தது என்பதற்கும் அந்தத் தாளில் ஒரு பத்தி ஒதுக்குங்கள்.