காடி ரேடியோவில் போன் பாட்டு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய மைவியிலோ சாகாவிலோ போனில் இருக்கும் பாட்டைக் கேட்க வேண்டும் என்றதும், பெரும்பாலோர் முதலில் வாங்குவது சிகரெட் லைட்டர் துளையில் செருகி, போன் பாட்டை ரேடியோ அலையாகக் காடி ரேடியோவுக்கு அனுப்பும் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர்தான். விலை மலிவு, பசார் மாலாமிலேயே கிடைக்கும், வயர் இழுக்க வேண்டாம். முதல் தவறே அதுதான். ஒலித்தரத்தில் ஆகக் கடைசி வழி அது. ரேடியோவில் வேறு எந்த வழியும் இல்லையென்றால் மட்டுமே அதற்குப் போக வேண்டும்.

கடைக்குக் கிளம்புமுன் காடிக்குள் நன்றாகத் தேடிப் பாருங்கள். ஆக்ஸ் துளை, அதாவது போனின் ஹெட்போன் துளையிலிருந்து வரும் வயரைச் செருகும் இடம், எப்போதும் ரேடியோவின் முகத்தில் இருக்காது. கியருக்கு முன்னால் உள்ள தட்டில் இருக்கலாம், கை வைக்கும் பெட்டிக்குள் இருக்கலாம், டேஷ்போர்டு பெட்டிக்குள்ளும் ஒளிந்திருக்கலாம். சில ரேடியோக்களில் துளை இருந்தும், மெனுவில் ஆக்ஸை அணைத்து வைத்திருப்பார்கள். அதைத் திறக்கும் வரை சோர்ஸ் பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் ஆக்ஸ் வராது. யூஎஸ்பி துளை இரண்டு இருந்தால், பேட்டரி படம் போட்டது பெரும்பாலும் சார்ஜுக்கு மட்டும். பாட்டுக்கு மற்றதுதான்.

எங்கள் வரிசை இது: முதலில் பென்டிரைவ், அடுத்தது ஆக்ஸ் வயர், பிறகு புளூடூத், பழைய காடியாக இருந்தால் கேசட் போலவே உள்ளே செருகும் கேசட் அடாப்டர், எல்லாவற்றுக்கும் பின்னால்தான் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர்.

டிரான்ஸ்மிட்டர்தான் கதி என்றால்

கோலாலம்பூரில் எஃப்.எம். பட்டை நெரிசலானது. 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை அடுத்தடுத்து நிலையங்கள். ஊலு காலி மலையிலிருந்தும் கே.எல். கோபுரத்திலிருந்தும் வரும் அலைக்கு முன்னால், சில மீட்டர் தூரமே எட்டும் உங்கள் டிரான்ஸ்மிட்டர் நிற்காது. 105.3-இல் சூரியா, 105.7-இல் லைட். நடுவில் 105.5 காலியாகத்தானே இருக்கிறது என்று அதில் வைப்பவர்கள் உண்டு. ஒரு எஃப்.எம். நிலையத்தின் அலை தன் எண்ணுக்கு இரு பக்கமும் ஏறக்குறைய 0.1 வரை பரவி நிற்கும். மலிவு டிரான்ஸ்மிட்டரின் அலையும் சுத்தமாக இருக்காது, ரேடியோவும் இரண்டையும் துல்லியமாகப் பிரிக்காது. அதனால் 105.5-இல் பாட்டின் அடியில் அடுத்த நிலையத்தின் இரைச்சல் கேட்டுக்கொண்டே இருக்கும். நீங்கள் பிடிக்கும் எண்ணும், அதற்கு மேலும் கீழும் 0.2 உள்ள எண்களும், ஆக மூன்றும் காலியாக இருக்க வேண்டும்.

அந்த இடத்தை சீக் பட்டனால் தேட முடியாது. அது நிலையம் இருக்கும் இடத்தில்தான் நிற்கும். டிரான்ஸ்மிட்டரைக் கழற்றிவிட்டு, கையால் 0.1, 0.1 ஆக நகர்த்துங்கள். சத்தத்தைக் கூட்டி, 'ஷ்ஷ்' என்ற ஒரே சீரான இரைச்சல் மட்டும் வருகிறதா, அதன் அடியில் பேச்சோ தாளமோ மெல்லக் கேட்கிறதா என்று கவனியுங்கள். மெல்லக் கேட்டாலே அந்த எண் வேண்டாம்.

இதைச் செய்யக்கூடாத இடம், கடைத்தொகுதியின் அடித்தளக் கார் நிறுத்துமிடம். அங்கே ராகாவின் 99.3 கூடக் காணாமல் போகும். பட்டை முழுவதும் காலியாகத் தெரியும். மேலே ஏறி ரோட்டுக்கு வந்ததும் நீங்கள் பிடித்த எண்ணில் வேறொருவர் செய்தி வாசித்துக்கொண்டிருப்பார். பினாங்கில் மலை இதே வேலையைச் செய்யும். தீவின் மலைக்குப் பின்னால் பாலேக் பூலாவில் காலியாகத் தெரிந்த எண், பாலத்தில் ஏறியதும் நிறைந்துவிடலாம். கெடாவின் குனோங் ஜெராயிலிருந்து வரும் ஒலிபரப்பும் கடலைத் தாண்டி அங்கே எட்டும். திறந்த ரோட்டோரம் நிறுத்தித் தேடுங்கள். இப்படிக் காலியான எண்கள் மூன்றைக் கண்டுபிடித்து ரேடியோவின் மெமரி பட்டன்களில் போட்டு வையுங்கள்.

கோலாலம்பூரில் கிடைத்த எண் பினாங்கு வரை தாங்காது. பேராக்கில் வேறு நிலையங்கள், வடக்கே வேறு. பிளஸ் நெடுஞ்சாலையில் போகும்போது தாப்பாவிலோ சுங்கை பேராக்கிலோ ஓய்வுத்தளத்தில் நிறுத்தும்போதே எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள். 110 கிலோமீட்டர் வேகத்தில் டிரான்ஸ்மிட்டரின் பொடிப் பட்டனைத் தேடுவது மிக ஆபத்தானது.

ஏரியலையும் பாருங்கள். காடி கழுவும் இடத்தில் கழற்றிய ஏரியலைத் திரும்பத் திருகாமல் விட்டிருந்தால், எந்த எண்ணில் வைத்தாலும் கரகரப்பு போகாது.

எஞ்சினோடு சேர்ந்து ஏறும் 'ங்ஙீ' சத்தம்

ஆக்ஸ் வயரில் பாட்டு ஓடுகிறது, போன் சார்ஜிலும் இருக்கிறது. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஒரு கீச்சொலி ஏறுகிறது, காலை எடுத்தால் இறங்குகிறது. உடனே ஸ்பீக்கர் போய்விட்டது என்று நினைத்து மாற்றுகிறார்கள், வயரை மாற்றுகிறார்கள். இரண்டிலும் பழுது இல்லை. போன் இரண்டு வழியாகக் காடியின் எர்த்தோடு இணைந்திருக்கிறது: சார்ஜர் வழியாக ஒன்று, ஆக்ஸ் வயரின் உறை வழியாக இன்னொன்று. இரண்டு இடத்துக்கும் மின்னழுத்தத்தில் நூலிழை வித்தியாசம் இருக்கும். எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் அலையும் சார்ஜரின் இரைச்சலும் அந்த வளையத்தில் ஓடி, பாட்டோடு கலந்துவிடுகின்றன.

சோதிப்பது எளிது. பாட்டு ஓடும்போதே சார்ஜரைப் பிடுங்குங்கள். சத்தம் உடனே நின்றால் காரணம் இந்த வளையம்தான். அப்போது மூன்று வழி உண்டு. ஒன்று, சார்ஜ் செய்யாமல் கேட்பது. இரண்டு, காடியோடு இணைக்காத பவர்பேங்கிலிருந்து சார்ஜ் செய்வது. மூன்று, ஆக்ஸ் வயரின் நடுவில் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் ஒன்றைப் போடுவது. அந்தச் சின்ன உருளைக்குள் இடது பக்கத்துக்கு ஒன்றும் வலது பக்கத்துக்கு ஒன்றுமாக இரண்டு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். உலோகத் தொடர்பு அறுந்து, ஒலி மட்டும் காந்தப்புலம் வழியே தாண்டிப் போகும். மிகச் சிறிய மலிவு ஐசொலேட்டரில் தவிலின் அடிநாதம் கொஞ்சம் மெலியும்; கொஞ்சம் பெரிதாக, கனமாக உள்ளதைப் பார்த்து வாங்குங்கள்.

ஆக்ஸில் செருகும் புளூடூத் ரிசீவரை வாங்கி, அதற்குக் காடியின் யூஎஸ்பியிலிருந்தே மின்சாரம் கொடுத்தால் அதே வளையம் மறுபடி உருவாகும். சொந்த பேட்டரி உள்ள ரிசீவரை வாங்கி, வீட்டில் சார்ஜ் செய்யுங்கள்.

சார்ஜரைப் பிடுங்கியும் சத்தம் நிற்கவில்லை என்றால் வேறு கதை. தனியாக ஆம்ப்ளிஃபயர் பொருத்திய காடியில், ஒலி வயரும் கரண்ட் வயரும் ஒரே பக்கமாக ஓடுகின்றனவா, எர்த் திருகு பெயின்ட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறதா என்று ஆடியோ கடைக்காரரிடம் பார்க்கச் சொல்லுங்கள்.

எந்தச் சத்தத்தை எங்கே கூட்டுவது

போனை மெதுவாக வைத்து ரேடியோவை முழுதாகத் திருகினால் பாட்டோடு இரைச்சலும் பெரிதாகும். போனை உச்சத்தில் வைத்தால் சிலவற்றில் ஒலி உடையும். டிரான்ஸ்மிட்டரில் இது இன்னும் மோசம்: எஃப்.எம். முறை உயர் ஒலிகளைக் கூட்டியே அனுப்புவதால், 'ச', 'ஸ' எழுத்துகளும் நாதஸ்வரத்தின் மேல் ஸ்தாயியும்தான் முதலில் கிழியும். ரேடியோவில் ஒரு நிலையத்தை வழக்கமான சத்தத்தில் வையுங்கள். பிறகு ஆக்ஸுக்கு மாறி, ரேடியோவின் திருகைத் தொடாமல், போனில் மட்டும் கூட்டி அதே அளவுக்குக் கொண்டு வாருங்கள். பெரும்பாலான போன்களில் இது 70, 80 சதவீதத்தில் வந்து நிற்கும். ஆக்ஸிலிருந்து ரேடியோவுக்கு மாறும்போது காது அதிராமல் இருக்கவும் இதுவே வழி. புளூடூத் என்றால் போனை உச்சத்தை ஒட்டியே வைக்கலாம்.

போனில் பேஸ் பூஸ்ட், ரேடியோவில் லௌட்னஸ் என்று இரண்டு இடத்திலும் கூட்டாதீர்கள். போனில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ரேடியோவில் மட்டும் சரிசெய்யுங்கள்.

பென்டிரைவ்

128 ஜிபி பென்டிரைவ் வாங்கி, பாட்டை நிரப்பிச் செருகினால் ரேடியோ 'எரர்' காட்டுகிறது. பெரிய பென்டிரைவ்கள் பலவும், ஃபைல்களை அடுக்கி வைப்பதில் எக்ஸ்ஃபேட் என்ற முறையில் வருகின்றன. பழைய ரேடியோக்கள் பலவற்றுக்கு ஃபேட்32 என்ற பழைய முறை மட்டுமே தெரியும். விண்டோசின் வழக்கமான ஃபார்மட் பெட்டி 32 ஜிபிக்கு மேல் அந்த முறையைக் காட்டாது. 16 அல்லது 32 ஜிபி வாங்கினால் இந்தத் தலைவலியே இல்லை. 320 கேபிபிஎஸ் தரத்தில் ஐந்து நிமிடப் பாட்டு ஏறக்குறைய 12 எம்பி. 32 ஜிபியில் 2,500 பாட்டுக்கு மேல் கொள்ளும்.

ஃபைலின் பெயரில் கடைசியை எம்பி3 என்று மாற்றி எழுதுவதால் அது எம்பி3 ஆகாது. உள்ளே வேறு முறையில் இருந்தால் ரேடியோ அதைத் தாண்டிப் போய்விடும். முறையாக மாற்றித்தான் போட வேண்டும்.

தமிழ்ப் பெயர்களை எத்தனையோ ரேடியோக்கள் கட்டம் கட்டமாகவோ கேள்விக்குறிகளாகவோ காட்டும். அவற்றில் தமிழ் எழுத்துருவே இல்லை. ஃபைல் பெயரை மட்டும் ரோமன் எழுத்தில் மாற்றினால் போதாது; ரேடியோ முதலில் படிப்பது பாட்டுக்குள் எழுதியிருக்கும் தலைப்பை. அதையும் மாற்றுங்கள். வரிசை குழம்பினால் பெயருக்கு முன்னால் 001, 002 என்று எண் போடுங்கள். சில ரேடியோக்கள் அகர வரிசையைப் பார்க்காமல், காப்பி செய்த வரிசையிலேயே ஓட்டும். அப்படிப்பட்டதில் பென்டிரைவை வெறுமையாக்கி, ஒவ்வொன்றாக முறைப்படி காப்பி செய்ய வேண்டும்.

மற்றவை

புளூடூத்தில் கால் பேச முடிகிறது, பாட்டு மட்டும் வரவில்லையா? போனில் அந்த ரேடியோவின் அமைப்புக்குள் மீடியா ஆடியோ அணைந்திருக்கும். அது பட்டியலிலேயே இல்லையென்றால் ரேடியோ கால்களுக்கு மட்டும் செய்யப்பட்டது; ஆக்ஸுக்கு மாறுங்கள். வீட்டில் இருவர் போனும் இணைந்திருந்தால், உங்கள் பாட்டுக்குக் காத்திருக்கும் ரேடியோ மற்றவர் போனைப் பிடித்திருக்கும்.

ஹெட்போன் துளை இல்லாத போனுக்கு டைப்-சி அடாப்டர் வாங்கும்போது, உள்ளே டிஏசி (டிஜிட்டல் பாட்டை ஒலி அலையாக மாற்றும் சில்லு) உள்ளதா என்று கேளுங்கள். இல்லாதது சில போன்களில் மட்டுமே வேலை செய்யும். கோலாலம்பூரின் லோ யாட் கடைத்தொகுதியிலோ பினாங்கின் ஜார்ஜ்டவுனிலோ, கடையிலேயே உங்கள் போனில் செருகிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

கஞ்சில், வீரா காலத்து கேசட் ரேடியோவில் அடாப்டர் போட்டு ஒலி மங்கலாக வந்தால், முதலில் பக்கம் மாற்றும் பட்டனை அழுத்துங்கள். பிறகும் மங்கல் என்றால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால், கேசட்டைப் படிக்கும் ஹெட்டைத் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு ஓட்டுங்கள்.

போனையும் பவர்பேங்கையும் டேஷ்போர்டின் மேல் விட்டுவிட்டு இறங்காதீர்கள். ஐபோனை 45 டிகிரிக்கு மேல் வைக்க வேண்டாம் என்று ஆப்பிள் சொல்கிறது. நம் ஊர் மத்தியான வெயிலில் மூடி நிறுத்திய காடிக்குள் சூடு அதைச் சுலபமாகத் தாண்டும். லித்தியம் பேட்டரி உப்புவது இப்படித்தான். போன் ஸ்டாண்டைக் கண்ணாடியில் ஒட்டாமல் ஏர்கோன் துளையில் மாட்டினால் ஓடும்போதும் போன் சூடேறாது. பாட்டுப் பட்டியலை வண்டி எடுக்குமுன் போட்டுவிடுங்கள். ஓட்டிக்கொண்டே போனைக் கையில் எடுப்பது மலேசியச் சட்டப்படி குற்றம். சிவப்பு விளக்கில் நிற்கும்போதும் எடுக்காதீர்கள்.