காலநிலை மாற்றத்தைச் சமூக அறிவியல் வழியாகப் படிக்க: விண்ணப்பத்துக்கு முன் செய்ய வேண்டியவை

ஐ.நா. காலநிலை உடன்படிக்கை 1992இல் உருவானது. புவி சூடாவதை நாடுகள் அன்றே எழுத்தில் ஒப்புக்கொண்டுவிட்டன. அதன் பிறகும் உலகின் மொத்த உமிழ்வு (வளிமண்டலத்தில் கலக்கும் வெப்பம் பிடிக்கும் வாயுக்கள்) கூடிக்கொண்டுதான் வந்தது. இந்த இடைவெளி ஏன்? இதற்கு இயற்பியலில் விடை தேட முடியாது. பொருளாதாரம், அரசியல், சட்டம், சமூகவியல் படித்தவர்களுக்கு இத்துறையில் இடம் இருப்பது அதனால்தான். முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்க நினைப்பவர்கள் கீழே உள்ள வரிசையில் தொடங்கலாம்.

படி 1: கவலையைக் கேள்வியாக்குங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டிய படி இது. "காலநிலை மாற்றத்தின் சமூகத் தாக்கம்" என்பது கேள்வியே அல்ல. நான் முதலில் எழுதிய நோக்க அறிக்கையில் (ஏன் இதைப் படிக்க விரும்புகிறோம் என்று விண்ணப்பத்தோடு தரும் கட்டுரை) அதுதான் இருந்தது. படித்துப் பார்த்த ஒரு பேராசிரியர் ஓரத்தில் "யாருக்கு?" என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுத்தார். கோபம் வந்தது, ஆனால் அந்த ஒரு சொல்தான் வேலை செய்தது.

யாருக்கு, எப்போது, யாருடைய முடிவால் என்று கேட்டுக்கொண்டே போங்கள். உதாரணமாக: கடும் வெப்ப எச்சரிக்கை விடுக்கப்பட்ட நாளிலும் கட்டடத் தொழிலாளி ஏன் உச்சி வெயிலில் வேலையை நிறுத்துவதில்லை? இதில் ஆள் இருக்கிறார், நாள் இருக்கிறது, ஒரு முடிவும் இருக்கிறது. நேரில் போய் விசாரிக்கவும் முடியும்.

படி 2: கேள்வியை வைத்துத் துறையைத் தேர்ந்தெடுங்கள்

பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். அதே தொழிலாளியைப் பொருளாதாரம் பார்க்கும்போது, ஒரு நாள் கூலியை இழப்பதா, உடல்நலத்தைப் பணயம் வைப்பதா என்ற கணக்கு தெரியும். சமூகவியலுக்கு மேஸ்திரியிடம் வாங்கிய முன்பணமும் மறுநாள் வேலை கிடைக்காதோ என்ற பயமும் தெரியும். சட்டம் படித்தவர் வேலையை நிறுத்தச் சொல்லும் பொறுப்பு யாருடையது என்று தேடுவார். கொள்கை ஆய்வாளரோ எச்சரிக்கையை வெளியிடும் துறைக்கும் வேலையிடத்தைக் கண்காணிக்கும் துறைக்கும் பேச்சுவார்த்தை உண்டா என்று கேட்பார். இவற்றில் எந்த விடை உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறதோ, அதுதான் உங்கள் துறை.

படி 3: ஐபிசிசி அறிக்கையைப் படியுங்கள், ஆனால் முதல் பக்கத்திலிருந்து வேண்டாம்

ஐபிசிசி என்பது காலநிலை மாற்ற ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் ஐ.நா. குழு. 1988இல் அமைக்கப்பட்ட இந்தக் குழுவின் அறிக்கைகள் ஆயிரக்கணக்கான பக்கங்கள் நீள்பவை. முதல் பணிக்குழு இயற்பியல் அறிவியலைப் பார்க்கிறது. நமக்கு வேண்டியவை இரண்டாவதும் (பாதிப்பு, தகவமைப்பு) மூன்றாவதும் (உமிழ்வுக் குறைப்பு). கொள்கை வகுப்போருக்கான சுருக்கத்தை அரசுகளின் பிரதிநிதிகள் வரிக்கு வரி விவாதித்து ஒப்புதல் தருகிறார்கள். ஆகவே சுருக்கத்தில் ஒரு பத்தியை எடுத்து, அதற்குரிய உள் அத்தியாயத்தோடு ஒப்பிடுங்கள். எது மென்மையானது, எது விடுபட்டது என்று குறித்துக்கொள்ளுங்கள். அறிவியல் ஆவணத்துக்குள் அரசியல் எப்படி நடக்கிறது என்பது அந்த ஒரு பத்தியிலேயே பிடிபடலாம்.

படி 4: ஒரு கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள்

கணக்கு பிடிக்காதவர்களும் இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். நூறு ஆண்டு கழித்து வரப்போகும் 1,000 அலகு சேதத்தைத் தவிர்க்க, இன்று எவ்வளவு செலவிடலாம்? எதிர்கால மதிப்பை ஆண்டுக்கு 1.4 சதவீதக் கழிவு விகிதத்தில் (அதாவது ஒவ்வோர் ஆண்டுக்கும் 1.014ஆல் வகுத்து) குறைத்துக்கொண்டு வந்தால், இன்றைய மதிப்பு சுமார் 249 அலகு. 5 சதவீதம் என்று வைத்தால் 8 அலகுகூட வராது. சேதம் ஒன்றுதான், ஆண்டும் ஒன்றுதான். மாறியது விகிதம் மட்டுமே.

2006இல் பொருளியலாளர் நிக்கோலஸ் ஸ்டெர்ன் பிரிட்டன் அரசுக்கு அளித்த அறிக்கை குறைந்த விகிதத்தை எடுத்துக்கொண்டு, உடனடியாகப் பெரிய அளவில் செயல்பட வேண்டும் என்றது. அந்த விகிதம் மிகக் குறைவு என்று அமெரிக்கப் பொருளியலாளர் வில்லியம் நார்ட்ஹாஸ் வாதிட்டார்; அவர் பின்னாளில், 2018இல், நோபல் பரிசு பெற்றார். பேரப்பிள்ளைகளின் நலனுக்கு இன்று என்ன எடை கொடுப்பது என்ற அறக் கேள்வி, ஒரு தசம எண்ணுக்குள் ஒளிந்திருக்கிறது. இதைக் கண்டுகொள்ளாமல் கார்பன் வரி (கார்பன் உமிழ்வின் மீது போடும் வரி) பற்றிப் பேசுவது வீண்.

படி 5: பாடத்திட்டத்தைத் திறந்து பாருங்கள்

படிப்பின் பெயரில் மயங்க வேண்டாம். ஆய்வுமுறைப் பாடங்கள் இருக்கின்றனவா என்று மட்டும் முதலில் பாருங்கள்: புள்ளியியல், நேர்காணல், களப்பணி. நம் தொழிலாளியின் கேள்விக்குக் களப்பணி இல்லாமல் விடை கிடைக்காது. அது இல்லாத படிப்பு எவ்வளவு புகழ்பெற்றதானாலும் உங்களுக்கு உதவாது.

படி 6: நோக்க அறிக்கையும் முதல் கடிதமும்

"சிறு வயதிலிருந்தே இயற்கை மீது ஆர்வம்" என்று தொடங்காதீர்கள். விண்ணப்பக் குவியலில் பாதி அப்படித்தான் தொடங்கும். கேள்வியை முதல் பத்தியிலேயே வைத்துவிடுங்கள். பிறகு, அதற்கு இதுவரை என்ன செய்தீர்கள், இனி எந்த முறையைக் கற்க வேண்டும் என்று எழுதுங்கள்.

வழிகாட்டியாக வரக்கூடியவருக்கு எழுதும் மின்னஞ்சல் பத்து வரிக்குள் இருக்கட்டும். அவருடைய கட்டுரை ஒன்றை முழுவதும் படித்து, அதில் உங்களுக்கு உடன்பாடில்லாத ஓர் இடத்தைப் பணிவோடு கேளுங்கள். வெறும் பாராட்டைவிட அதற்குத்தான் பதில் வர வாய்ப்பு அதிகம். இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் ஒரு முறை நினைவூட்டலாம். அதற்கு மேல் வேண்டாம், அடுத்தவருக்கு எழுதுங்கள்.