பெங்களூரிலிருந்து இரண்டு கணக்கு: ஏர் நேவிகேஷனுக்கு அட்சரேகையும் தீர்க்கரேகையும்

விமானி உரிமத்துக்காக டிஜிசிஏ (சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) நடத்தும் நேவிகேஷன் பேப்பருக்குப் படிக்கிறவர்களில் பலர் முதல் பாடத்தைப் பார்த்ததும் "இது ஸ்கூல் புவியியல்தானே" என்று புரட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். பிறகு தூரம் கேட்கும் முதல் கணக்கிலேயே கை நின்றுவிடும். பெங்களூரில் உட்கார்ந்து படிப்பவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. டெல்லி நமக்கு ஏறத்தாழ நேர் வடக்கு, சென்னை ஏறத்தாழ நேர் கிழக்கு. இந்த இரண்டு பாதையையும் கையால் போட்டுப் பார்த்துவிட்டால் பாடத்தின் முக்கால்வாசி பிடிபட்டுவிடும்.

ஒரு தாள், காஸ் (cos, கோசைன்) பட்டன் உள்ள கால்குலேட்டர், குளோப், ஒரு முழம் நூல். இவ்வளவு போதும்.

படி 1: இடத்தை எழுதக் கற்றுக்கொள்ளுங்கள்

பூமத்திய ரேகை 0°. அங்கிருந்து வடக்கேயும் தெற்கேயும் 90° வரை அட்சரேகை. கிரீன்விச் வழியாகப் போகும் கோடு 0°. அதிலிருந்து கிழக்கேயும் மேற்கேயும் 180° வரை தீர்க்கரேகை. ஒரு டிகிரிக்கு 60 நிமிடம், ஒரு நிமிடத்துக்கு 60 விநாடி. இங்கே நிமிடம் என்பது கோணம், கடிகார நிமிடம் இல்லை.

பெங்களூரு கெம்பேகவுடா விமான நிலையம் 13°12' வடக்கு, 77°42' கிழக்கு. ஃப்ளைட் பிளானில் இதை எழுதும்போது அட்சரேகைக்கு நான்கு இலக்கம், 1312. தீர்க்கரேகைக்கு ஐந்து இலக்கம், 07742. முன்னால் இருக்கும் அந்தப் பூஜ்யத்தை விடக்கூடாது. அட்சரேகை 90-ஐத் தாண்டாது, தீர்க்கரேகை 180 வரை போகும், அதனால்தான் ஓர் இலக்கம் கூடுதல்.

இப்போது ஒரு பொறி. போனில் மேப்பைத் திறந்தால் அட்சரேகை 13.20 என்று காட்டும். அது 13°20' இல்லை. புள்ளிக்குப் பின்னால் வருவது டிகிரியின் பங்கு, ஆகவே 0.20-ஐ 60-ஆல் பெருக்க வேண்டும். 12 வரும், 13°12'. மாற்றி எழுதினால் வித்தியாசம் வெறும் 8 நிமிடம்தானே என்று தோன்றும். ஆனால் அது தரையில் 8 கடல் மைல், கிட்டத்தட்ட 15 கிலோமீட்டர். ஓடுபாதையை விட்டுவிட்டு நந்தி மலைப் பக்கம் போய் நிற்பீர்கள். ஓடுபாதை கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,000 அடி உயரம், மலையுச்சி 4,800 அடிக்கும் மேல். பெங்களூரின் ஜக்கூர் பயிற்சி விமானதளத்திலிருந்து பறந்து பழகுகிறவர்களுக்கு இந்த மலை எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை.

படி 2: டெல்லிக்குப் போகும் கணக்கு

டெல்லி விமான நிலையம் 28°34' வடக்கு, 77°06' கிழக்கு. தீர்க்கரேகை நம்முடையதோடு 36 நிமிடம்தான் வேறுபடுகிறது. ஆகவே அட்சரேகையை மட்டும் கழியுங்கள்.

28°34' − 13°12' = 15°22'

இதை நிமிடமாக்கினால் 15 × 60 + 22 = 922. தூரமும் 922 கடல் மைல்தான். இதற்கு மேல் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. கடல் மைல் என்ற அளவே அட்சரேகையின் ஒரு நிமிடத்தை வைத்து உண்டானது. இன்று அது துல்லியமாக 1,852 மீட்டர் என்று நிர்ணயித்து வைத்திருக்கிறார்கள். உலகத்தைச் சுற்றினால் 360 × 60, அதாவது 21,600 கடல் மைல். இதிலிருந்து ஒரு பழக்கம்: சார்ட்டில் (விமானிகளின் வரைபடத்தில்) டிவைடரை வைத்துத் தூரம் அளக்கும்போது எப்போதும் பக்கவாட்டு விளிம்பில் உள்ள அட்சரேகை அளவுகோலில்தான் வைக்க வேண்டும். மேலேயும் கீழேயும் உள்ள தீர்க்கரேகை அளவுகோலைத் தொடவே தொடாதீர்கள். ஏன் என்பது அடுத்த படியில்.

படி 3: சென்னைக்குப் போகும் கணக்கு

சென்னை விமான நிலையம் 13°00' வடக்கு, 80°11' கிழக்கு. அட்சரேகை வித்தியாசம் 12 நிமிடம்தான். தீர்க்கரேகை வித்தியாசம்:

80°11' − 77°42' = 2°29' = 149 நிமிடம்

டெல்லிக்குச் செய்த மாதிரியே 149 கடல் மைல் என்று எழுதிவிடலாமா? கூடாது. குளோபைப் பாருங்கள். தீர்க்கரேகைகள் எல்லாம் துருவத்தில் போய் ஒன்றுசேர்கின்றன. பூமத்திய ரேகையில் மட்டும்தான் அவற்றின் ஒரு நிமிடம் ஒரு கடல் மைல். வடக்கே போகப் போக இடைவெளி சுருங்கும், 60° அட்சரேகையில் சரிபாதியாகிவிடும். எவ்வளவு சுருங்குகிறது என்பதை காஸ் சொல்லும். நிமிடங்களை அட்சரேகையின் காஸால் பெருக்கினால் கிழக்கு மேற்காக உள்ள தூரம் வரும். பாடத்தில் இதற்குப் பெயர் டிபார்ச்சர்.

149 × காஸ் 13° = 149 × 0.974 = 145 கடல் மைல்

தெற்கே 12 நிமிடம் இறங்குவதையும் பிதாகரஸ் வழியில் சேர்த்தால் கூட ஒரு மைல்தான் ஏறும். கிலோமீட்டரில் சுமார் 270. நம் ஊர்ப் பக்கம் காஸ் ஒன்றை ஒட்டியே இருப்பதால் இந்தப் பிழை நான்கு மைலோடு நின்றுவிடுகிறது, அதனால்தான் பலருக்கு அது உறைப்பதில்லை. இதே 149 நிமிடத்தை லண்டன் அட்சரேகையில் வைத்துப் பெருக்கிப் பாருங்கள், 93 மைல்தான் வரும்.

டெல்லிக் கணக்கில் விட்டுவைத்த 36 நிமிடத்தையும் இப்படிப் போட்டுப் பார்க்கலாம். சராசரி அட்சரேகை சுமார் 21°, காஸ் 0.934, டிபார்ச்சர் 34 மைல். மொத்தத் தூரம் இதனால் ஒரு மைல்கூட அதிகரிக்காது. விட்டது தப்பில்லை.

படி 4: பூமி உருண்டை இல்லை, ஆனால் கவலை வேண்டாம்

துருவங்களில் பூமி கொஞ்சம் தட்டை. பூமத்திய ரேகையில் ஆரம் 6,378 கி.மீ., துருவத்தில் 6,357 கி.மீ. அதனால் அட்சரேகையின் ஒரு நிமிடம்கூட எங்கும் ஒரே நீளமில்லை. பூமத்திய ரேகையருகே 1,843 மீட்டர், துருவத்தருகே 1,862 மீட்டர். கையால் போடும் கணக்குக்கு உருண்டை என்றே வைத்துக்கொள்ளலாம். ஜிபிஎஸ் அப்படி வைத்துக்கொள்ள முடியாது. அதற்கென்று டபிள்யூஜிஎஸ்-84 என்ற மாதிரி இருக்கிறது. விமானப் போக்குவரத்தில் 1998 முதல் அதுவே பொது அளவு.

இந்தத் தட்டையை அளந்த கதையில் நமக்கும் பங்கு உண்டு. 1802-இல் பரங்கிமலை அருகே அளவைக்கு ஆதாரமான முதல் கோட்டை (பேஸ்லைன்) அளந்து வில்லியம் லாம்டன் தொடங்கிய நில அளவையின் முதுகெலும்பு, குமரியிலிருந்து 78° தீர்க்கரேகையை ஒட்டி இமயமலை அடிவாரம் வரை போகிறது. நம் விமான நிலையத்துக்குக் கிழக்கே அந்தக் கோடு 18 நிமிடம்தான். எத்தனை மைல் என்று இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

படி 5: நூலை எடுங்கள்

குளோபில் பெங்களூரில் ஒரு முனை, லண்டனில் மறுமுனை. நூலை இழுத்துப் பிடியுங்கள். அதுதான் கிரேட் சர்க்கிள், இரண்டு ஊருக்கும் இடையில் மிகக் குறைந்த தூரம். கிளம்பும்போது திசை, வடக்கை 0° என்று வைத்துக் கடிகாரச் சுற்றில் எண்ணினால், சுமார் 320°. லண்டனை நெருங்கும்போது நூல் கிட்டத்தட்ட நேர் மேற்கே, 271° அளவில் போகும். நேராகத்தான் போகிறோம், ஆனால் வழியில் குறுக்கிடும் ஒவ்வொரு தீர்க்கரேகையும் வேறு கோணத்தில் சாய்ந்திருக்கிறது. அதனால் திசை எண் மாறிக்கொண்டே இருக்கும். மாறாமல் 301°-லேயே போனால் அது ரம்ப் லைன். அதுவும் லண்டனில்தான் சேர்க்கும், தூரம் மட்டும் கூடும். வட அரைக்கோளத்தில் கிரேட் சர்க்கிள் எப்போதும் ரம்ப் லைனுக்கு வடக்கே வளையும். பரீட்சையில் படம் வரையும்போது இது ஒன்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

அடுத்து சான் பிரான்சிஸ்கோ, 37°37' வடக்கு, 122°23' மேற்கு. ஒன்று கிழக்கு, ஒன்று மேற்கு என்றால் கூட்ட வேண்டும். 77°42' + 122°23' = 200°05'. 180-ஐத் தாண்டிவிட்டதால் 360-இலிருந்து கழியுங்கள், 159°55'. ஏறக்குறைய உலகத்தின் மறுபக்கம். நூல் வட துருவத்தை ஒட்டியே போவதைப் பார்க்கலாம். 2021 ஜனவரியில் ஏர் இந்தியாவின் பெண் விமானிகள் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து நிற்காமல் பெங்களூருக்குத் துருவம் வழியாகவே வந்தார்கள். சுமார் 14,000 கி.மீ.

படி 6: நேரம்

பூமி ஒரு மணி நேரத்தில் 15° சுழல்கிறது, ஒரு டிகிரிக்கு 4 நிமிடம். நம் இந்திய நேரம் 82°30' கிழக்கை வைத்தது. பெங்களூரு அதற்கு 4°48' மேற்கே இருப்பதால் இங்கே சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக 12 மணி 19 நிமிடத்துக்கு. இப்போதைக்கு இவ்வளவு போதும்.

கடைசியாக உங்களுக்கு ஒரு கணக்கு. மும்பை 19°05' வடக்கு, 72°52' கிழக்கு. சராசரி அட்சரேகையின் காஸை எடுத்து டிபார்ச்சர் கண்டுபிடியுங்கள், வடக்கே எவ்வளவு, மேற்கே எவ்வளவு என்று எழுதி பிதாகரஸ் போடுங்கள். விடை 450 கடல் மைலை ஒட்டி வர வேண்டும். 457 வந்தால் காஸை மறந்திருக்கிறீர்கள்.