எல்இடி மினுக்கினால் சிப் நல்லதா? மைக்ரோகன்ட்ரோலரைச் சோதிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் மேசை இழுப்பறையில் ஒரு சின்ன டப்பா இருக்கிறது. மூடியில் மார்க்கரால் ‘செத்தவை’ என்று எழுதி வைத்திருந்தேன். புரோகிராமருக்கு, அதாவது சிப்பில் புரோகிராமை ஏற்றும் கருவிக்கு, பதில் சொல்லாத ஏடிமெகா 328பி (ஏவிஆர் குடும்பத்து மைக்ரோகன்ட்ரோலர், ஒரே சிப்பில் அடங்கிய சின்னக் கணினி) எல்லாம் அதற்குள் போய்விடும். ஒருநாள் வேறு வேலைக்காக 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் (சிப்புக்குத் துடிப்பு தரும் பாகம்) மாட்டிய பிரெட்போர்டு ஒன்று சும்மா கிடந்தது. விளையாட்டாக டப்பாவில் இருந்த ஏழு சிப்பையும் ஒவ்வொன்றாக அதில் செருகிப் பார்த்தேன். ஐந்து பேசின.

நடந்தது இதுதான். அந்த ஐந்திலும், சிப்பின் அடிப்படை அமைப்புகளை வைத்திருக்கும் ஃப்யூஸ் பிட்டை ‘வெளிக் கிரிஸ்டல்’ என்று எப்போதோ நானே மாற்றியிருக்கிறேன். கிளாக், அதாவது சிப்பை ஓட்டும் துடிப்பு, கிடைக்காவிட்டால் ஏவிஆர் சிப்பால் புரோகிராமரோடு பேசவே முடியாது. கிரிஸ்டல் இல்லாத சாக்கெட்டில் செருகிவிட்டு, பதில் வரவில்லை என்று டப்பாவில் போட்டிருக்கிறேன். கெட்டது சிப் இல்லை, நான் சோதித்த விதம்.

இதற்கு நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. எல்இடி மினுக்கியதை நம்பி ‘நல்லது’ பக்கம் ஒதுக்கிய சிப் ஒன்று, போர்டில் சால்டர் செய்து முடித்த பிறகு ஓர் அனலாக் பின்னில் வாய்க்கு வந்த எண்ணைக் காட்டியது. 28 கால்களையும் சேதமில்லாமல் கழற்ற ஒரு மாலை முழுக்கப் போனது.

சிப்பைக் குறை சொல்லும் முன்

புரோகிராமர் ‘சிக்னேச்சர் (சிப் தன் வகையைச் சொல்லும் எண்) தவறு’ என்று சொன்னவுடன் சிப் போலி, சிப் கெட்டது என்று முடிவுகட்டுவதுதான் அதிகம் பேர் செய்யும் தவறு. வந்த எண் என்ன என்று முதலில் பாருங்கள். எல்லாம் பூஜ்யமாகவோ எல்லா பிட்டும் 1 ஆகவோ வந்தால், சிப் தவறாகச் சொன்னதாக அர்த்தமில்லை. சிப் எதுவுமே சொல்லவில்லை. வயர், மின்சாரம், கிளாக் மூன்றில் எதுவோ இல்லை. கடைசி பைட் மட்டும் மாறியிருந்தால் அது வேறு கதை: 328பிக்கும் ‘பி’ இல்லாத 328க்கும் சிக்னேச்சரில் அந்த ஒரு பைட்தான் வித்தியாசம். இரண்டும் அசல் சிப்தான், நீங்கள் மென்பொருளில் தேர்ந்தெடுத்த பெயர்தான் தவறு. இந்த எச்சரிக்கையை ‘பரவாயில்லை, எழுது’ என்று கட்டாயப்படுத்தித் தாண்டுகிறவர்கள், காரணம் தெரியாமலேயே ஃப்யூஸையும் மாற்றிவிட்டு நிற்பார்கள்.

அடுத்தது வேகம். தொழிற்சாலையிலிருந்து வரும் 328பி, உள்ளிருக்கும் 8 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கை எட்டால் வகுத்து 1 மெகாஹெர்ட்ஸில்தான் ஓடும். புரோகிராமரின் கிளாக் அதில் கால் பங்குக்கும் குறைவாக, அதாவது 250 கிலோஹெர்ட்ஸுக்குள் இருக்க வேண்டும். யுஎஸ்பிஆஸ்ப் வகைப் புரோகிராமரின் வழக்கமான வேகம் 375 கிலோஹெர்ட்ஸ். அதனால் புத்தம் புது சிப் சில சமயம் பேசும், சில சமயம் பேசாது, நாமும் ‘லூஸ் காண்டாக்ட்’ என்று காலை அழுத்திக்கொண்டே இருப்போம். புரோகிராமரை இயக்கும் ஏவிஆர்டியூடு மென்பொருளில் பிட் கிளாக்கை 10 மைக்ரோநொடி என்று வைத்தால் வேகம் சுமார் 100 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கும். பாதி ‘கெட்ட’ சிப் அதிலேயே நல்லதாகிவிடும்.

மின்சாரப் பின்களில் ஒன்றை மட்டும் இணைத்துவிட்டு மற்றதை விடுவதும் உண்டு. 328பியில் 7ஆம் பின்னோடு ஏவிசிசி எனும் 20ஆம் பின்னுக்கும் மின்சாரம் வேண்டும். கிரவுண்டும் 8, 22 என இரண்டு. வேறு மைக்ரோகன்ட்ரோலர்களான எஸ்டிஎம்32எஃப்4 வரிசையிலும் பிக்24, டிஎஸ்பிக்33 வகைகள் பலவற்றிலும் விகேப் என்றொரு பின் இருக்கும். உள்ளிருக்கும் ரெகுலேட்டருக்கான கெப்பாசிட்டரை அதில் மாட்டாமல் சிப் சரியாக எழுந்திருக்காது. அதை மின்சாரப் பின் என்று நினைத்து 3.3 வோல்ட்டில் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், அப்போது சிப் நிஜமாகவே செத்துவிடும். ஒவ்வொரு மின்சாரப் பின்னுக்கும் பக்கத்திலேயே 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர், அதாவது 104 என்று அச்சிட்ட அந்த வில்லை, வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் ‘சோதனைக்குத்தானே’ என்று அதைத்தான் முதலில் விட்டுவிடுகிறோம்.

மின்சாரம் எங்கிருந்து வருகிறது?

சிப் பேசுகிறது, புரோகிராம் ஏறுகிறது, எல்இடி கொஞ்சம் மங்கலாக எரிகிறது. மின்சார வயரைப் பிடுங்கிப் பாருங்கள், அப்போதும் எரிந்தால் என்ன செய்வீர்கள்?

ஒவ்வொரு பின்னுக்குள்ளும் கிரவுண்டுக்கு ஒன்று, மின்சார வரிக்கு ஒன்று என இரண்டு பாதுகாப்பு டயோடுகள் உண்டு. சீரியல் வயர் வழியாக 5 வோல்ட் ஒரு பின்னுக்கு வந்தால், மேல்பக்க டயோடு வழியாக அது உள்ளே ஏறி மொத்த சிப்பையும் ஓட்டிவிடும். 328பி 1.8 வோல்ட்டிலேயே வேலை செய்யக்கூடியது, அதற்கு இது தாராளம். ஆனால் அந்த டயோடு இந்த வேலைக்கானது இல்லை. சோதனையில் தேறி, போர்டில் ரிலே ஒன்று இழுத்ததும் ரீசெட் ஆகும் சிப்பின் பின்னால் இந்தக் கோளாறு இருக்கலாம். இதற்கெல்லாம் காரணம், மின்னழுத்தத்தைப் பவர் சப்ளையில் அளந்து திருப்தியடைவதுதான். மல்டிமீட்டர் முனையை சிப்பின் காலிலேயே வையுங்கள். அங்கு 5க்குப் பதில் 4.4 போல வந்தால் உங்கள் மின்சார வயர் எங்கோ விட்டுப்போயிருக்கிறது.

அழித்துவிட்டுப் பார்ப்பது

புதிது என்று சொல்லி வந்த சிப்பில் முதல் வேலையாகச் சோதனை புரோகிராமை ஏற்றுகிறோம். ஏற்றும்போது பழையது அழிந்துவிடும், கூடவே சாட்சியும் போய்விடும். முதலில் ஃப்ளாஷ் (புரோகிராம் இருக்கும் நினைவகம்), ஈப்ராம் (தரவு தங்கும் நினைவகம்), ஃப்யூஸ் மூன்றையும் படித்து ஒரு கோப்பில் வையுங்கள். புது சிப்பில் ஃப்ளாஷ் முழுக்க எல்லா பிட்டும் 1 ஆக இருக்கும். ஃப்யூஸ் தயாரிப்பாளரின் டேட்டாஷீட்டில் சொன்னபடி இருக்கும். அங்கே யாருடைய புரோகிராமோ உட்கார்ந்திருந்தால், பழைய போர்டிலிருந்து கழற்றி, கால்களைப் பளபளப்பாக்கி விற்ற சிப் அது. வேலை செய்யலாம். ஆனால் 10,000 முறை எழுதலாம் என்று உறுதி சொன்ன ஃப்ளாஷில் எத்தனை முறை தீர்ந்தது என்று யாருக்கும் தெரியாது.

போலிகளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2010இல் மின்னணுப் பாகங்கள் விற்கும் ஸ்பார்க்ஃபன் நிறுவனத்துக்கு வந்த ஏடிமெகா 328 தொகுதி ஒன்று எதற்கும் பதில் சொல்லவில்லை. உறையைத் திறந்து பார்த்தபோது உள்ளே இருந்தது வேறு சிப். மேலே அச்சு மட்டும் சரியாக இருந்தது. இப்போதெல்லாம் அதைவிட நாசூக்கு: எஸ்டிஎம்32எஃப்103 என்று அச்சிட்டு, அதேபோல நடந்துகொள்ளும் வேறு நிறுவன சிப் வரும். டீபக்கர் (சிப்பின் உள்ளே எட்டிப்பார்க்கும் கருவி) கேட்டால் அசல் சொல்லும் ஐடி எண் 1 என்ற இலக்கத்தில் தொடங்கும், சில நகல்களில் 2இல் தொடங்கும். 2 வந்தால் நகல் என்று உறுதியாகச் சொல்லலாம். 1 வந்தால் அசல் என்று சொல்ல முடியாது, நகல்களிலும் அந்த எண்ணைச் சொல்பவை உண்டு. அசிட்டோன் தொட்ட பஞ்சால் தேய்த்து மேல்பூச்சு கரைகிறதா என்று பார்ப்பதும் இப்படித்தான். கரைந்தால் சந்தேகப்படுங்கள், கரையாவிட்டால் நிம்மதி அடைந்துவிடாதீர்கள்.

மினுக்கல் சோதனை

எல்இடி மினுக்கினால் என்ன தெரியும்? கிளாக் ஓடுகிறது, ஃப்ளாஷில் சில நூறு பைட் படிக்க முடிகிறது, ஒரு பின் உயிரோடு இருக்கிறது. அவ்வளவுதான். மீதி 22 பின்களைப் பற்றி அது வாயே திறக்கவில்லை.

பயன்படுத்திய சிப்பில் முதலில் போவது பின்கள்தான், அதனால் என் நேரத்தில் பெரும்பகுதியை அங்கே செலவிடுவேன். மின்சாரம் இல்லாமல், சிப்பைத் தனியாக வைத்து, மல்டிமீட்டரை டயோடு நிலைக்குத் திருப்புங்கள். சிவப்பு முனை கிரவுண்டு காலில், கறுப்பு முனை ஒவ்வொரு பின்னாக. 0.5 முதல் 0.7 வரை ஏதோ ஓர் எண் வரும். எண் எவ்வளவு என்பதைவிட எல்லாப் பின்னிலும் ஏறத்தாழ ஒன்றாக வருகிறதா என்பதுதான் முக்கியம். பத்துப் பின்னில் 0.61 காட்டி ஒன்றில் மட்டும் 0.12 காட்டினால் அந்தப் பின் அடிவாங்கியிருக்கிறது. முனைகளை மாற்றி மேல்பக்க டயோடைப் பார்க்கும்போது ஒரு பொறி உண்டு: ஏவிஆரின் ரீசெட் பின்னில் மேல் டயோடு கிடையாது, ஏனென்றால் அந்தப் பின் 12 வோல்ட் புரோகிராமிங்கைத் தாங்க வேண்டும். அதில் ஒன்றும் காட்டவில்லை என்று நல்ல சிப்பைத் தூக்கி எறியாதீர்கள்.

அப்புறம் மின்சாரம் கொடுத்து, எல்லாப் பின்னையும் உள் புல்-அப்போடு (பின்னை உயர்நிலையில் வைத்திருக்கும் மின்தடையோடு) உள்ளீடாக வைத்து, ஒரு பின்னை மட்டும் தாழ்த்தி மற்றவற்றைப் படியுங்கள். பக்கத்துப் பின்னும் சேர்ந்து தாழ்ந்தால் இரண்டுக்கும் நடுவே ஷார்ட். எல்லாப் பின்னையும் ஒரே சமயத்தில் ஏற்றி இறக்கும் சோதனையில் இது தெரியவே தெரியாது. அதைத்தான் பலரும் எழுதுகிறார்கள். பின்னின் வலுவையும் பார்க்க வேண்டும். 2 மில்லிஆம்பியரில் எல்இடி எரிய பாதி கெட்ட பின்னே போதும். 5 வோல்ட்டில் ஒரு பின்னை உயர்த்தி 220 ஓம் வழியாகக் கிரவுண்டுக்கு இழுத்தால் சுமார் 20 மில்லிஆம்பியர் ஓடும். அப்போதும் பின்னில் 4.2 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது.

ராம் சோதனையில் எல்லா இடத்திலும் ஒரே எண்ணை எழுதிப் படிப்பது வீண் வேலை. முகவரி வரி ஒன்று கெட்டு இரண்டு முகவரிகள் ஒரே இடத்தைக் காட்டினாலும் அந்தச் சோதனை தேறிவிடும். முகவரியின் மேல் பைட்டையும் கீழ் பைட்டையும் எக்ஸ்ஓஆர் (பிட்கள் வேறுபடும் இடத்தில் 1 தரும் கணக்கு) செய்து கிடைக்கும் எண்ணை அந்தந்த முகவரியில் எழுதுங்கள். முழுக்க எழுதி முடித்த பிறகே படிக்கத் தொடங்குங்கள். சரி, உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: நம்பகமான விநியோகஸ்தரிடமிருந்து வந்த புது சிப்புக்கு நான் இதைச் செய்வதில்லை. தயாரிப்பாளரே அதைச் செய்துதான் அனுப்புகிறார்.

தூக்க நிலை மின்னோட்டம் நல்ல சோதனை, ஆனால் ஏமாற்றும். வாட்ச்டாக் (சிப் உறைந்தால் ரீசெட் செய்யும் டைமர்) அணைத்த 328பி ஆழ்ந்த தூக்கத்தில் 1 மைக்ரோஆம்பியருக்கும் குறைவாகத்தான் எடுக்கும். உங்களுக்கு 200 வந்தால் ஏடிசியை (அனலாக் மின்னழுத்தத்தை எண்ணாக்கும் பகுதியை) அணைத்தீர்களா, அந்தரத்தில் விட்ட பின் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். மீட்டரின் மைக்ரோஆம்பியர் வரம்பில் உள் மின்தடை அதிகம். சிப் விழித்தெழும்போது மின்னழுத்தம் சரிந்து ரீசெட் ஆகி, மறுபடி எழுந்து, மறுபடி சரியும். மீட்டரின் இரு முனைகளையும் ஒரு ஜம்பர் வயரால் ஷார்ட் செய்து வைத்து, சிப் தூங்கிய பிறகு அதை உருவிவிட்டால் சரியான எண் தெரியும்.

இன்னொன்று, சோதிக்கும் நிலையும் பயன்படுத்தும் நிலையும் ஒன்றாக இருக்க வேண்டும். 1 மெகாஹெர்ட்ஸில் தேறிய சிப் 16இல் தடுமாறலாம். அதே 16ஐ 3.3 வோல்ட்டில் ஓட்டிவிட்டு சிப் கெட்டது என்பதும் நியாயமில்லை. 328பி 2.7 வோல்ட்டில் 10 மெகாஹெர்ட்ஸ், 4.5 வோல்ட்டில் 20 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும்தான் பொறுப்பேற்கிறது.

கையாலேயே கொல்வது

சில சிப்கள் சோதனையின்போதுதான் சாகின்றன. நிலைமின் அதிர்ச்சி நம் விரலுக்கு உறைக்க இரண்டு மூன்று ஆயிரம் வோல்ட் வேண்டும், சிப்புக்கு அதைவிடக் குறைவே போதும். சுருக்கென்று உணராததால் ஒன்றும் ஆகவில்லை என்று நினைக்க வேண்டாம். மணிக்கட்டுப் பட்டை போடுங்கள், முடியாவிட்டால் சிப்பைத் தொடும் முன் கிரவுண்டு செய்த உலோகத்தையாவது தொடுங்கள். மின்சாரம் இருக்கும்போது சாக்கெட்டில் செருகாதீர்கள். சப்ளையில் கரன்ட் லிமிட் இருந்தால் 50 மில்லிஆம்பியரில் வையுங்கள், தலைகீழாகச் செருகிய சிப்பைக்கூட அது காப்பாற்றக்கூடும்.

என் டப்பாவில் மீதி இருந்த இரண்டு சிப் நிஜமாகவே கெட்டவை. ஒன்றில் இரண்டு பின்கள் ஷார்ட், இன்னொன்றில் ஓர் அனலாக் பின் கசிகிறது. இரண்டையும் எறியவில்லை, காலில் சிவப்பு நெயில் பாலிஷ் தடவி வைத்திருக்கிறேன். புதிதாக எந்தச் சோதனை போர்டு செய்தாலும் முதலில் ஒரு நல்ல சிப்பையும் பிறகு இந்த இரண்டையும் செருகுவேன். சிவப்புக் கால்காரர்கள் இருவரும் தோற்ற பிறகுதான் மற்ற சிப்களின் பொட்டலத்தைப் பிரிப்பது.