மேட் பாக்ஸ் மாட்டப் பழகுவோம்

காலை ஏழரை மணிக்கு மெரினாவில் கடலைப் பார்த்துக் கேமராவை வையுங்கள். சூரியன் ஃபிரேமுக்குள் இல்லை, சற்று மேலே நிற்கிறது. ஆனாலும் மானிட்டரில் படம் பால் கலந்த மாதிரி வெளுத்திருக்கும். கறுப்புச் சட்டை சாம்பல் நிறமாகத் தெரியும். இப்போது வெயிலில் கண்ணுக்குக் கை வைப்பது போல, லென்ஸுக்கு மேலே உள்ளங்கையை நீட்டுங்கள். கையின் நிழல் கண்ணாடி மேல் விழுந்ததும் சட்டை மறுபடி கறுப்பாகிவிடும்.

லென்ஸுக்கு முன்னால் மாட்டும் பெட்டியான மேட் பாக்ஸின் முதல் வேலை இதுதான். படத்துக்குள் வராத வெளிச்சம் லென்ஸிலும் விழக்கூடாது. ஃபில்டரைத் தாங்குவது அதற்கு அடுத்த வேலை. புதிதாக வருபவர்கள் பலர் இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டு, ஃபில்டர் போடாத நாளில் பெட்டியையே கழற்றி வைத்துவிடுகிறார்கள். (மேட் என்ற பெயர் வந்தது மறைப்பு அட்டையிலிருந்து. ஃபிரேமில் பாதியை மறைத்து ஒருமுறை எடுத்து, ஃபிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, மறுபாதியை மறைத்து இன்னொரு முறை எடுப்பார்கள். அந்தக் காலத்து இரட்டை வேடக் காட்சிகள் பல இப்படி வந்தவை.)

சரி, மாட்ட ஆரம்பிப்போம். உதாரணத்துக்கு சோனி எஃப்எக்ஸ்3 கேமராவையும் ஸைஸ் (Zeiss) கம்பெனியின் சிபி.3 50 மி.மீ. லென்ஸையும் எடுத்துக்கொள்கிறேன்.

1. லென்ஸின் முன்பக்கத்தை அளந்துகொள்ளுங்கள்

வாடகைக்கு எடுக்கப் போகும்போது முதலில் கேட்க வேண்டியது லென்ஸ் முன்பக்கத்தின் வெளிவிட்டம். சிபி.3 வரிசையில் பெரும்பாலான லென்ஸ்களுக்கு இது 95 மி.மீ. ஸீன் (Xeen) வரிசை லென்ஸ்களுக்கு 114 மி.மீ. மேட் பாக்ஸின் பின்வாய் இதைவிடப் பெரிதாக இருந்தால் நடுவில் ஒரு அடாப்டர் ரிங் வேண்டும். ஸ்டில் லென்ஸ் என்றால் ரிங் கட்டாயம். ரிங்கைக் கடையிலேயே லென்ஸில் போட்டுப் பாருங்கள். வடபழனியில் வாங்கிக்கொண்டு ஈசிஆர் போய் இறங்கிய பிறகு ரிங் சேரவில்லை என்று தெரிந்தால் பாதி நாள் போய்விடும்.

2. கிளாம்ப்பா, ராடா?

லென்ஸின் கழுத்தைப் பிடித்து நேரடியாக மாட்டுவது கிளாம்ப் ஆன் வகை. எடை குறைவு, கிம்பலுக்கும் தோளில் வைத்து எடுப்பதற்கும் ஏற்றது. ஆனால் அதன் பாரம் முழுவதும் லென்ஸ் தலையில் நிற்கும். ஃபோகஸ் திருப்பும்போது முன்பக்கமும் சேர்ந்து சுழலும் ஸ்டில் லென்ஸில் இதை மாட்டவே மாட்டாதீர்கள், பெட்டியும் கூடவே சுற்றும்.

ட்ரைபாடில் நிற்கும் கேமராவுக்கு ராடில், அதாவது கேமராவின் அடியிலிருந்து முன்னால் நீளும் இரட்டைக் கம்பியில், உட்காரும் வகையே நிம்மதி. சின்னக் கேமராக்களுக்கு 15 மி.மீ. லைட்வெயிட் ராட்: இரண்டு ராடுகளின் மையங்களுக்கு இடையே 60 மி.மீ., ராட் மையத்திலிருந்து லென்ஸின் நடுப்புள்ளி வரை 85 மி.மீ. உயரம். ராடுகளைப் பிடிக்கும் பேஸ் பிளேட்டின் உயரத்தை இந்த 85-க்குக் கொண்டுவந்தால்தான் மேட் பாக்ஸின் வட்டமும் லென்ஸின் வட்டமும் ஒரே நேர்க்கோட்டில் நிற்கும். பெரிய கேமராக்களின் 19 மி.மீ. ஸ்டுடியோ ராடுகளின் இடைவெளி 104 மி.மீ. என்பதால் இதற்கு வாங்கிய பெட்டி அதில் ஏறாது.

லென்ஸின் ஃபோகஸைத் திருப்பும் ஃபாலோ ஃபோகஸ் மோட்டாரை முதலில் பொருத்திவிட்டு அப்புறம் பெட்டியைக் கொண்டுவாருங்கள். இரண்டுக்கும் ஒரே இடத்தில்தான் சண்டை வரும். பெட்டியின் கதவு போலத் திறக்கும் ஸ்விங் அவே பாகம் மோட்டாரில் இடிக்கிறதா என்று ஒருமுறை திறந்து மூடிப் பாருங்கள்.

3. பின்பக்க இடைவெளியை அடைத்துவிடுங்கள்

இதை மட்டும் அவசரத்தில் தாண்டிப் போகாதீர்கள். லென்ஸுக்கும் பெட்டிக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி இருந்தாலும் பின்னாலிருந்து வரும் வெளிச்சம் உள்ளே புகும். அது ஃபில்டரின் பின்புறக் கண்ணாடியில் பட்டு லென்ஸுக்குள் திரும்பும். மானிட்டரில் லேசான வெளுப்பு தெரியும், காரணம் புரியாமல் முன்னால் நிற்கும் விளக்கையெல்லாம் நகர்த்திக்கொண்டிருப்போம். சில நேரம் லென்ஸின் மேல் எழுதியிருக்கும் வெள்ளை எழுத்துகளே ஃபில்டரில் பிரதிபலித்துப் படத்தில் வரும்.

ரிங் சரியாகப் பொருந்தினால் இடைவெளி இருக்காது. ஃபோகஸ் திருப்பும்போது முன்னும் பின்னும் நகரும் லென்ஸ் என்றால் டோனட் என்கிற ரப்பர் வளையம் அல்லது துணி உறை போடுங்கள். எதுவும் கையில் இல்லையா, ஒரு கறுப்புத் துணியைச் சுற்றிக் கிளிப் போட்டாலும் வேலை நடக்கும்.

4. ஃபில்டர்

பரவலாகக் கிடைக்கும் அளவு 4×5.65 அங்குலம், 4 மி.மீ. தடிமன். ஃபில்டரைச் செருகும் ட்ரேயும் அதே அளவாக இருக்க வேண்டும்.

எஃப்எக்ஸ்3-யில் உள்ளேயே என்டி (வெளிச்சத்தைக் குறைக்கும் ஃபில்டர்) கிடையாது. எஸ்-லாக்3 என்ற பதிவு முறையில் பேஸ் ஐஎஸ்ஓ 800 என்று வைத்துக்கொள்வோம். உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 800-க்கு எஃப்16, ஷட்டர் 1/800 என்பது பழைய கணக்கு. நமக்கு ஷட்டர் 1/50 வேண்டும், அது 4 ஸ்டாப் கூடுதல் வெளிச்சம் (ஒரு ஸ்டாப் ஏறினால் வெளிச்சம் இரண்டு மடங்கு). எஃப்16-லிருந்து 2.8-க்குத் திறந்தால் இன்னொரு 5 ஸ்டாப். மொத்தம் 9 ஸ்டாப் குறைக்க வேண்டும். என்டியில் ஒவ்வொரு 0.3-உம் ஒரு ஸ்டாப் என்பதால் நமக்குத் தேவை 2.7. ஒரு ட்ரேயில் 1.2, இன்னொன்றில் 1.5. இவ்வளவு அடர்த்தியாகப் போடும்போது ஐஆர் என்டி என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண என்டி கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தைத்தான் நன்றாகக் குறைக்கும். அகச்சிவப்பு தாண்டி வந்து கறுப்புத் துணியைப் பழுப்பாக்கிவிடும்.

பிரதிபலிப்பைக் குறைக்கும் ஃபில்டரான போலரைசரைச் சுழலும் ட்ரேயில் போடுங்கள். அதுவே ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வரை சாப்பிடும், அதையும் கணக்கில் சேருங்கள். முகத்துக்கு மட்டும் கவனம் வேண்டும். நம் ஊர்க் கறுத்த முகங்களுக்கு வடிவம் கொடுப்பது தோலின் மேல் உட்காரும் அந்தச் சின்னப் பளபளப்புதான். போலரைசரை முழுதாகத் திருப்பினால் அது போய் முகம் தட்டையாகிவிடும். வானத்தைப் பார்த்துத் திருப்பாமல், நடிப்பவரின் கன்னத்தைப் பார்த்துத் திருப்புங்கள்.

ட்ரேயை உள்ளே தள்ளியதும் லாக் விழுந்ததா என்று விரலால் இழுத்துப் பாருங்கள். ஒருமுறை நான் இதைச் செய்யாமல் விட்டேன். கேமராவைக் கீழே சாய்த்ததும் ஃபில்டர் வழுக்கி ஈர மணலில் விழுந்தது. உடையவில்லை, ஆனால் மணல் கீறிய கோடு போகவே இல்லை. அன்றிலிருந்து இழுத்துப் பார்க்காமல் கையை எடுப்பதில்லை.

பெட்டியின் பக்கவாட்டில் ஒரு பேப்பர் டேப் ஒட்டி, உள்ளே இருப்பதை எழுதுங்கள்: ‘1.2 + 1.5’. எடுத்தவுடன் டேப்பையும் எடுங்கள். உட்புறக் காட்சிக்கு வந்த பிறகும் என்டி உள்ளேயே இருப்பது எல்லா செட்டிலும் நடக்கிற தவறு.

5. ஃப்ளாக்கை இறக்குவது

ஃப்ளாக் என்பது வெயிலை மறைக்கப் பெட்டியில் மாட்டும் தகடு. மேலே மாட்டுவது டாப் ஃப்ளாக், ஃப்ரெஞ்ச் ஃப்ளாக் என்றும் சொல்வார்கள். இறக்கும்போது மானிட்டரைப் பார்க்காமல் கேமராவுக்கு முன்னால் வந்து நின்று லென்ஸ் கண்ணாடியைப் பாருங்கள். ஃபில்டர் போட்டிருந்தால் முன்னால் இருக்கும் ஃபில்டரைப் பாருங்கள். வெயில் படும் இடம் பளிச்சென்றும் நிழல் இருண்டும், நடுவே கோடு கிழித்த மாதிரி தெரியும். ஃப்ளாக்கை மெல்ல இறக்க இறக்க அந்தக் கோடு கண்ணாடி மேல் வழிந்து கீழே போகும். முழுக் கண்ணாடியும் நிழலுக்குள் வந்ததும் நிறுத்துங்கள். அப்புறம் மானிட்டருக்குப் போய் ஃப்ளாக்கின் விளிம்பு ஃபிரேமில் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் ஒரு விரல் அளவு ஏற்றுங்கள். அப்போதும் வெயில் பட்டால் லைட்மேன் அண்ணனிடம் ஒரு கட்டர் (வெளிச்சத்தை மறைக்கும் கறுப்புத் தடுப்பு) கேளுங்கள். கேமராவிலிருந்து தள்ளி ஸ்டாண்டில் நிற்கும் கட்டர், ஃப்ளாக்கால் முடியாததைச் செய்யும்.

பக்க ஃப்ளாக்குகளும் அதே முறைதான். கடற்கரைக் காற்றில் அவை பாய் மாதிரி காற்றைப் பிடித்துக் கேமராவை ஆட்டும், தேவையில்லை என்றால் கழற்றிவிடுங்கள்.

6. ஓரம் இருட்டாகிறதா?

வைட் லென்ஸில் பெட்டியின் மூலைகள் படத்துக்குள் வரும். ஐரிஸ் (லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் துளை) திறந்திருந்தால் அது மங்கலான இருட்டாக இருப்பதால் கண்ணுக்குத் தப்பிவிடும். அதனால் ஐரிஸை நன்றாக மூடி, ஃபோகஸை இன்ஃபினிட்டியிலிருந்து கிட்டத்து எல்லைவரை திருப்பி, நான்கு மூலைகளையும் பாருங்கள். ஜூம் என்றால் ஆக வைடில் வைத்துப் பார்க்க வேண்டும். மூலை தெரிந்தால் ஒரு ஃபில்டர் ஸ்டேஜை, அதாவது ஒரு ட்ரே அடுக்கை, குறையுங்கள்.

இரவுக் காட்சியில் இன்னொன்றையும் சோதியுங்கள். எதிரே கார் ஹெட்லைட் இருந்தால், ஃபிரேமின் மையத்துக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் அதன் ஆவி போல மங்கலான புள்ளி வரலாம். லென்ஸிலிருந்து திரும்பும் வெளிச்சம் தட்டையான ஃபில்டரில் மோதி மறுபடி உள்ளே போவதால் வருவது அது. ட்ரேயைச் சில டிகிரி சாய்க்கும் வசதி உங்கள் பெட்டியில் இருந்தால் சாய்த்துப் பாருங்கள், புள்ளி நகர்ந்து ஃபிரேமுக்கு வெளியே போய்விடும். அந்த வசதி இல்லையா, அந்த ஷாட்டுக்கு ஃபில்டரை எடுத்துவிடுங்கள்.

பேக்கப் ஆனதும் முதலில் ஃபில்டர்களை ட்ரேயிலிருந்து எடுத்து உறையில் போடுங்கள். துடைக்கும் முன் ப்ளோயரால் ஊதுங்கள்; லிக்விடைக் கண்ணாடியில் ஊற்றாமல் டிஷ்யூவில் நனைத்துத் துடையுங்கள். கடற்கரையில் எடுத்த நாளென்றால் ராடுகளிலும் ஸ்க்ரூக்களிலும் படிந்த உப்பை ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்த பிறகு கேஸை மூடுங்கள்.